விடுமுறையிலும் மொழிக்கு வேலை கொடுங்கள்

நீலகிரியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பதினொரு அறிவுரைகள்

பரீட்சை முடிந்துவிட்டது. இனி ஜூன் வரை பள்ளி மணி அடிக்காது. நம் மலையில் இது சீசன் காலம். மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் தோட்டங்களில் கொழுந்து தள்ளுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் நாள் முழுதும் கையில் இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் பல காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன். மார்ச் மாதத்தில் தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளை, ஜூனில் அதே பக்கத்தில் தட்டுத்தடுமாறுவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அது சோம்பலால் வந்ததில்லை. இரண்டு மாதம் அந்த மொழிக்கு வேலையே இல்லாமல் போனதால் வந்தது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1996-இல் எழுதினார்கள்: நீண்ட கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைந்துபோகிறது. வாசிப்பில் அந்த இழப்பு வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. ஆகவே எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஹட்டிகளிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சொல்லப்போவது பதினொன்று என்றாலும் செய்தி ஒன்றுதான். படித்த மொழிக்குத் தினமும் ஒரு வேலை கொடுங்கள். யாருக்காவது படித்துக்காட்டுங்கள், யாருக்காவது எழுதுங்கள், யாரிடமாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் இருக்கும் மொழி மறக்காது.

1. முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

"முதலில் நன்றாக விளையாடிவிட்டு மே கடைசியில் உட்காரலாம்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மறதி அப்படிக் காத்திருப்பதில்லை. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு தங்குகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு நாள் கழிந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தங்கியது. ஒரு மாதம் கழிந்தபோது ஐந்தில் ஒரு பங்கு. கவனியுங்கள்: பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விட்டது, அதற்குப் பிறகு மெதுவாகத்தான் குறைந்தது. பொருள் புரிந்து படித்தது இதைவிட நன்றாகத் தங்கும். ஆனாலும் தொடக்கத்தில்தான் இழப்பு வேகமாக இருக்கும்.

ஆகவே ஓரிரு நாள் ஓய்வெடுங்கள், அது உங்கள் உரிமை. பிறகு இந்த ஆண்டின் கடைசி நான்கைந்து பாடங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பழைய புத்தகத்தை எடைக்குப் போடும் அவசரம் வேண்டாம்.

2. நாளுக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்தைச் சுற்று தவறாமல் பறித்தால்தான் செடி தளிர்விட்டுக்கொண்டே இருக்கும். சுற்று தப்பினால் இலை முற்றிவிடும். வாசிப்பும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் உட்கார்ந்து மற்ற ஆறு நாள் விட்டுவிடுவதைக் காட்டிலும் தினம் இருபது நிமிடம் மேல்.

"நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைக்காது. ஏற்கெனவே செய்துவரும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். தண்ணீர் பிடித்து வைத்ததும், அம்மா வேலைக்குக் கிளம்பியதும், காலை டீ குடித்ததும் என்று ஏதாவது ஒன்று. காலை நேரம் நல்லது என்பேன். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். மேகம் இறங்கினால் வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. மழையோடு கரண்டும் போய்விடும். காலை வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டால் மிச்ச நாள் முழுதும் உங்களுடையது.

3. வாய்விட்டுப் படியுங்கள், ஒருவர் கேட்கப் படியுங்கள்

நம் மலையில் பல பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுமொழி இல்லை. ஒருவர் வீட்டில் படுகு பேசுவார்கள், இன்னொருவர் வீட்டில் இருளமோ குறும்பமோ. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளமும் கன்னடமும் உண்டு. பள்ளி நாளில் தமிழ் ஒலி காதில் விழுந்துகொண்டே இருக்கும். விடுமுறையில் அது நின்றுவிடும். கண்ணால் மட்டும் படித்தால் ழகரமும் ளகரமும், ரகரமும் றகரமும் ஒன்றாகிப் போய்விடும். வாய் சொல்லிக் காது கேட்டால்தான் அவை தனித்தனியாக நிற்கும். ஆங்கிலத்துக்கும் இதே விதி.

தனியாக உரக்கப் படிக்க வெட்கமாக இருந்தால் கேட்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கண் மங்கிய பாட்டி இருக்கிறாரா? அவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டுங்கள். நாள் முழுதும் சரிவில் நின்று இலை பறித்துவிட்டு அம்மா வந்து காலை நீட்டி உட்காரும் நேரம் இருக்கிறதே, அது ஒரு கதைக்குப் போதும். அவர்கள் "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே மறுநாள் நீங்கள் படிப்பீர்கள். முந்திய நாள் எங்கே நிறுத்தினோம் என்று சொந்த வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பேச்சுப் பயிற்சி, நினைவுப் பயிற்சி இரண்டும் அதில் முடிந்துவிடும்.

4. புத்தகத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவின் ப்ளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடைக்கு 12 புத்தகம் என்று மூன்று கோடை தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கண்காட்சிபோல் பரப்பிவைத்த புத்தகங்களிலிருந்து தாங்களே எடுத்தவை அவை. வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது. புத்தகம் பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது இவர்களின் வாசிப்பு மேலாக இருந்தது. விருப்பமான புத்தகம் கையில் இருப்பதே பாதி வேலையைச் செய்துவிட்டது.

எது உங்களுக்கு ஏற்றது என்று அறிய எளிய வழி உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த விடுமுறைக்கு வைத்துவிடுங்கள். சின்னப் புத்தகம் எடுப்பதில் குறைவொன்றுமில்லை. நம் அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு நூல்களை "நுழை, நட, ஓடு, பற" என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை "நட" என்ற படியில் தொடங்கினாலும் சரியே. ஆகஸ்டில் பறக்கலாம்.

தொடக்கத்துக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் வாண்டுமாமாவின் கதைகளும் நன்றாக இருக்கும். பழைய அம்புலிமாமா கிடைத்தால் விடாதீர்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் ராஜம் கிருஷ்ணனின் "குறிஞ்சித் தேன்" நாவலை எடுங்கள். நம் மலையின் படகர் வாழ்வைப் பற்றியது அது. தெரிந்த இடமும் தெரிந்த குளிரும் வருவதால் நீளம் தெரியாது. ஆங்கிலத்தில் ஆர். கே. நாராயணின் "சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்" பள்ளிப்பிள்ளையின் கதை, 1935-இல் வந்தது. முசூரி மலையில் வாழும் ரஸ்கின் பாண்டின் சிறுகதைகளும் எளிய வாக்கியங்களில் இருக்கும்.

5. நூலகம் உங்கள் வீட்டுப் பணத்தில் நடப்பது, உரிமையோடு போங்கள்

ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. சிவப்புக் கட்டடம், அழகானது, உறுப்பினர்களுக்கானது. உங்களுக்கு வேண்டியது அதற்கு அப்பாலும் கிடைக்கிறது. ஊட்டியில் மாவட்ட மைய நூலகம், மற்ற ஊர்களில் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள் எல்லாம் 1948-ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தவை. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தில்தான் புத்தகம் வாங்குகிறார்கள். தயங்கித் தயங்கி வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே போய் உறுப்பினர் ஆவது எப்படி என்று கேளுங்கள். வார விடுமுறை எந்த நாள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் பிடித்துப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் மனம் விட்டுப்போகும்.

எஸ்டேட் தொலைவில் இருந்தால்? 1931-இல் மன்னார்குடிப் பக்கத்து ஊர்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போயிற்று. ஆள் வர முடியாத இடத்துக்குப் புத்தகம் வந்தது. நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு லைனில் ஐந்தாறு பிள்ளைகள் சேருங்கள். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ டவுனுக்குப் போகும் பெரியவர் ஒருவரிடம் பட்டியல் கொடுத்துவிடுங்கள். வந்த புத்தகங்களை ஒரு பையில் போட்டு வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றவிடுங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு, பையை மழையில் நனையாமல் சுற்ற ஒரு பிளாஸ்டிக் தாள், இவ்வளவுதான் செலவு.

6. வீட்டு மொழியைத் தள்ளிவைக்காதீர்கள்

சில பெற்றோர், "தமிழும் இங்கிலீசும் வரணும்னா வீட்டில் நம்ம பேச்சைப் பேசாதே" என்கிறார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனாலும் வேண்டாம். வீட்டு மொழியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எந்தக் கதையும் எப்படி நடந்துபோகும் என்று தெரியும். புதிய மொழியில் அந்த அறிவு அப்படியே கைகொடுக்கும்.

நம் மலைமொழிகளின் பெருமையை உலகம் அறிந்த கதை ஒன்று உண்டு. கனடாவில் பிறந்த மொழியியலாளர் மரே எமனோ 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். மூன்று ஆண்டு தங்கி, நீலகிரியில் தோதா, கோத்தா மொழிகளைக் கற்றார். அவற்றுக்கு எழுத்து இல்லை, பாடப்புத்தகம் இல்லை. பேசுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கதை சொல்லச் சொல்லக் காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதிக்கொண்டார். பொருளை வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு அறிந்தார். அப்படி எழுதியவை 1944 முதல் 1946 வரை கோத்தா மொழிக் கதைத் தொகுதிகளாக வெளிவந்தன. பின்னர் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து 1961-இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார். அந்த அகராதியில் தமிழ்ச் சொற்களுக்குப் பக்கத்திலேயே நம் மலையின் தோதாச் சொற்களும் கோத்தாச் சொற்களும் படகச் சொற்களும் நிற்கின்றன. இங்கே அடுப்படியில் பேசுவதை உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

அவர் வழியே உங்களுக்கும் ஒரு பயிற்சி. பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கதை கேளுங்கள். அவர்கள் சொன்ன பேச்சிலேயே, தமிழ் எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதுங்கள். அடுத்த நாள் அதைத் தமிழில் எழுதுங்கள். அதற்கடுத்த நாள் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாவது எழுதுங்கள். ஒரு கதை மூன்று மொழிக்கு வேலை கொடுத்துவிட்டது.

தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1964-இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் டான்டீ தோட்டங்களில் குடியேறினார்கள். கப்பலில் வந்த நினைவு உள்ளவர்கள் இன்று முதியவர்கள். அங்கே பாடிய தோட்டப் பாட்டும் தாலாட்டும் அவர்களிடம் இருக்கின்றன. இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தள்ளிப்போடக் கூடாத பாடம் இது.

7. தினம் ஐந்து வரி எழுதுங்கள்

கட்டுரை வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். இன்று எத்தனை கிலோ பசுந்தேயிலை போட்டார்கள், என்ன விலை கிடைத்தது, எந்தப் பக்கம் காட்டுமாடு இறங்கியது, மூடுபனியில் பஸ் எத்தனை மணிக்கு வந்தது. மூன்று வரி தமிழில், இரண்டு வரி ஆங்கிலத்தில். தெரியாத சொல் வந்தால் இடம் விட்டுவிட்டு மேலே எழுதுங்கள். பிறகு கேட்டு நிரப்புங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஒருவருக்கு அஞ்சலட்டை போடுங்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை, திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன், அல்லது வகுப்புத் தோழி. பதில் வருகிற எழுத்துக்கு ஒரு தனிச் சக்தி உண்டு. வீட்டில் எழுதத் தெரியாத பெரியவர் இருந்தால் அவர் சொல்லச் சொல்ல அவருடைய மனுவையும் கடிதத்தையும் நீங்கள் எழுதிக்கொடுங்கள். படிப்பால் வீட்டுக்கு ஆகும் முதல் உதவி அது.

8. ஊரில் எழுதியிருப்பதையெல்லாம் படியுங்கள்

புத்தகம் இல்லாத நாளிலும் எழுத்து இருக்கிறது. டீத்தூள் பாக்கெட்டின் பின்பக்கம், ரேஷன் கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பஸ்ஸின் வழிப்பலகை. மலை ரயில் நிலையங்களில் பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று ஒரு பயணத்திலேயே எழுத்து ஒப்பிடும் பாடம் நடந்துவிடும். 1848-இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கோ குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கோ போனால் பூவோடு பலகையையும் பாருங்கள். ஐந்து மரத்தின் பெயரை நோட்டில் எழுதிவந்து அவற்றை ஊரில் என்ன சொல்கிறோம் என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

சீசனில் கடையில் உதவி செய்யும் பிள்ளைகளுக்கு மலைக்கு வரும் பயணிகளே ஆசிரியர்கள். வழி கேட்டால் கையை மட்டும் நீட்டாமல் ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தப்பு வந்தாலும் வழி தெரிந்துவிடும். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். வகுப்பறையில் இல்லாத துணிச்சல் அங்கே வரும்.

9. கைபேசியையும் வேலைக்கு வையுங்கள்

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வந்தபின்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். கிடைக்கும் அரைமணியில் முதல் பத்து நிமிடம் மொழிக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் ஒரே படக்கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வாசிக்கலாம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இணையத்தில் இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் மேட்டிலோ டவுனிலோ இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வானொலியை மறக்காதீர்கள். தமிழ்ச் செய்தி கேட்கும் நேரத்தில் கைவேலை தடைப்படாது. கேட்ட செய்தியில் ஒன்றை மட்டும் வீட்டில் திருப்பிச் சொல்லுங்கள்.

10. விட்டுப்போன நாளுக்காக வருந்தாதீர்கள்

கல்யாணம் வரும், ஊர்த் திருவிழா வரும், காய்ச்சல் வரும். நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கு நாள் பாக்கியைச் சேர்த்துப் படிக்க முயலாதீர்கள். பாக்கி ஏற ஏறப் புத்தகத்தைப் பார்க்கவே பயம் வரும். ஐந்தாம் நாள் வழக்கமான இருபது நிமிடம், அவ்வளவுதான். பிடிக்காத புத்தகத்தையும் பாதியில் வைத்துவிடலாம். இன்னொன்றை எடுப்பது மட்டும் கட்டாயம்.

11. உங்களைவிடச் சின்னவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2021-இல் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கியது. தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணையிலும் ஊர்ப் பொது இடத்திலும் பிள்ளைகளைக் கூட்டிச் சாயங்காலம் பாடம் சொன்னார்கள். அந்த வேலையில் ஒரு சிறு துண்டை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புத் தம்பிக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்கட்டும். "ஏன் இப்படி எழுதணும்?" என்று அவன் கேட்பான். பதில் சொல்லும்போதுதான் உங்களுக்கே அது சரியாகப் புரியும். திட்டாதீர்கள், தலையில் குட்டாதீர்கள். அவன் படித்து முடித்ததும் அவனுக்கு ஒரு கதை படித்துக்காட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பைத் தண்டனையாக்காதீர்கள். "படிக்காவிட்டால் டிவி கிடையாது" என்ற வீட்டில் புத்தகம் எதிரியாகிவிடும். நீங்கள் எழுத்தறியாதவராக இருந்தாலும் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், கதை சொல்லலாம், "நல்லா படிச்சே கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பிள்ளைக்கு அந்த ஊக்கத்தைத் தர வீட்டாரால்தான் முடியும்.

பள்ளி திறக்கும் நாளில் மூன்று பொருளோடு போங்கள்: ஐந்தைந்து வரியாக நிரம்பிய ஒரு நோட்டு, பாட்டி சொல்லி நீங்கள் எழுதிய ஒரு கதை, விடுமுறையில் யாரும் விடை சொல்லாத ஒரு கேள்வி. உங்கள் ஆசிரியருக்கு அதைவிட மகிழ்ச்சியான தொடக்கம் இருக்க முடியாது.

அது ஜூன் மாதத்துச் செய்தி. இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. சாயங்காலம் யாருக்குப் படித்துக்காட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அவரிடம் போய் முன்கூட்டியே சொல்லியும் விடுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் நாளைக்கு அவரே உங்களைக் கூப்பிடுவார்.